வெள்ளையில் எழுதிய பெயர்கள்

வேன் நாரணாபுரத்தைத் தாண்டி மண்பாதையில் இறங்கியதும் டிரைவர் தனுஷ்கோடி அண்ணன் பாட்டை நிறுத்தினார். சைட் நெருங்கிவிட்டால் பாட்டு கூடாது என்பது மனை போட்டு விற்கிற சீனிச்சாமியின் உத்தரவு. அப்போதுதான் அவர் பேச்சு எல்லார் காதிலும் விழும்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. வேனுக்குள் விருதுநகரிலிருந்து வந்த சில குடும்பங்கள். மனை பார்க்க வருகிறவர்களுக்கு வண்டியும் பிரியாணிப் பொட்டலமும் இலவசம். பொட்டலத்துக்காகவே வாராவாரம் வருகிற ஒரு பெரியவரும் இருந்தார். சீனிச்சாமி அவரை விரட்டுவதில்லை. வண்டியில் தலை நிறைய இருந்தால்தான் மற்றவர்களுக்கு வாங்கத் தோன்றும் என்பார்.

அந்த வேனில் எனக்கு அது முதல் தடவை. நான் தவுபிக் சாரிடம் வேலை பார்த்தேன். நிலம் விற்பவர்களுக்கு இணையத்தில் பக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். படம் எடுப்பதற்காக என்னை அழைத்து வந்திருந்தார். பெண்பிள்ளைக்கு ஆண் பெயர் மாதிரி இருந்தாலும் வேலு என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"வேலு, வெயில் தெரியாம எடுங்க. பாலைவனம்னு நெனச்சிருவாங்க. அந்த வேப்பமரத்த நாலு பக்கமிருந்தும் எடுங்க. ஒரு மரம் நாலு மரமாயிரும்."

"பொய்யில்லையா சார்?"

"மரம் இருக்குல்ல? எண்ணிக்கைதான் கொஞ்சம் முன்னப்பின்ன."

சிரித்துக்கொண்டே இறங்கினேன். புதிதாகக் கட்டிய வளைவு. அதில் 'பவித்ரா கார்டன்' என்று சிவப்பு எழுத்து. பவித்ரா சீனிச்சாமியின் மகள். உள்ளே புல்டோசர் தள்ளிச் சமப்படுத்திய கரிசல், வரிசை வரிசையாக வெள்ளையடித்த கற்கள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

மரம் ஒரு பக்கம்தான் தழைத்திருந்தது. மறுபக்கம் கொப்பெல்லாம் கரி.

கேமரா என் கையில் கனத்தது.

அந்த மரத்தடியில் நான் ஏற்கனவே நின்றிருக்கிறேன். கையில் புது மண்கலயத்தோடு, அப்பா ஆண்டிச்சாமிக்குப் பக்கத்தில்.

அது பயர் ஆபீஸ் இருந்த இடம். பட்டாசுக் கம்பெனியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆமத்தூர் விலக்கில் விடியுமுன் கம்பெனி வேன் வந்து நிற்கும். அம்மா தூக்குவாளியோடு ஏறிப் போவாள். வெடிமருந்து அறையில் வேலை. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம், தீபாவளி சீசனில், ஒரு முற்பகலில் அந்த அறைகள் வரிசையாக வெடித்தன. ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் துணியில் முடிந்த ஒன்றைக் கொடுத்தார்கள். அது யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கின எங்களுக்கும் தெரியாது.

எங்கள் பக்கம் இப்படிச் சாவு வந்தால், ஆள் விழுந்த இடத்துக்கே போய்க் கூப்பிட்டு வர வேண்டும். சொந்தம் ஒருத்தர் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கலயத்தில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். வீடு சேரும்வரை பேச்சு கூடாது, பின்னால் பார்க்கக் கூடாது. வீட்டு மூலையில் அந்த மண்ணை வைத்து விளக்கேற்றினால் வந்தவர் அங்கேயே இருப்பார். கூப்பிடாமல் விட்டால் செத்த இடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்பார்கள்.

நாங்கள் அம்மாவைக் கூப்பிட்டு வந்தோம். அவள் வந்தாள். படித்த பெண் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அடுப்படியில் சட்டி, ஏனம் நகரும். வெயில் நேரத்தில் முற்றத்தில் வளையல் சத்தம் கேட்கும். பயமாக இருந்ததே இல்லை. ஒரு ஆள் வீட்டில் இருப்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

"ஏம்மா, என்ன சிலையாட்டம் நிக்க? போட்டோ புடி" என்றார் சீனிச்சாமி.

அப்போது வந்தவர்களில் ஒருவர் அவரிடம் கேட்டார். "ஏங்க, இங்கனதான அந்த வெடி விபத்து?"

"சேச்சே! அது அங்கிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம். இது சுத்தமான விவசாய பூமி. கடலை வெளஞ்ச மண்ணு."

"எம் மாப்பிள்ள சிங்கப்பூர்ல இருக்காரு. இந்த ஊர் பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டினாராம். மொதல்ல வெடிச்ச நியூஸ்தான் வருதாம். இந்தச் சர்வே நம்பரே போட்டிருக்காம்ல."

சீனிச்சாமி சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பிரியாணியைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க யாரும் பையைத் தொடவில்லை.

வேன் கிளம்புமுன் சீனிச்சாமி தவுபிக் சாரின் தோளில் கைபோட்டார். "தம்பி, ஊர் பேரத் தட்டினா நம்ம பவித்ரா வரணும். அந்த எழவு நியூஸ் கீழ போயிரணும். முடியுமா?"

"முடியும்ணே. ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளிட்டாப் போதும். ரெண்டாம் பக்கத்துக்கு யாரும் போறதில்ல. அங்க எதப் புதைச்சாலும் கேக்க ஆளில்ல."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னார். நான் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

எங்கள் ஆபீஸ் விருதுநகரில், தவுபிக் சாரின் அத்தா சம்சு பாயின் பருப்பு, மிளகாய் வத்தல் குடோனுக்கு மாடியில் இருந்தது. நாள் முழுவதும் கீழேயிருந்து வத்தல் நெடி வரும். தும்மிக்கொண்டேதான் தட்டச்சு செய்வோம். தவுபிக் சார் சென்னையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். எந்த வார்த்தையை எத்தனை தடவை எழுதினால் தேடுகிறவர் கண்ணில் நம் பக்கம் முதலில் படும், யார் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு வழி வைத்தால் மதிப்பு ஏறும் என்று கதை சொல்கிற மாதிரி சொல்வார். சம்சு பாய் மாடிக்கு வந்தால், "மூட்டையில்லாம, தராசில்லாம என்னலே யாவாரம் இது? காத்துல கணக்கு" என்பார். "காத்துக்குத்தான்த்தா இனிமே வெல" என்பார் இவர்.

அந்த இடம் என் அம்மா செத்த இடம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னிடம் விளையாட்டாகப் பேசுவதை நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. அந்த மாடியில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

வாரங்கள் போயின. நிலம், மனை, நகர், தண்ணீர், சாலை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். பவித்ரா கார்டன் மேலே வரவே இல்லை. விபத்துச் செய்திதான் மேலே நின்றது. சீனிச்சாமி தினமும் போன் போட்டுத் திட்டினார். ஒருநாள் தவுபிக் சார் மேஜையைத் தட்டினார்.

"நாமதான் தப்பாப் பார்த்திருக்கோம் வேலு. ஜனம் மனையத் தேடல, விபத்தத் தேடுது. அந்தச் செய்தில என்னென்ன வார்த்தை இருக்கோ அதெல்லாம் நம்ம பக்கத்துலயும் இருந்தா நாம மேல போயிருவோம்."

"விபத்த நாமளே எப்படி சார் எழுதறது?"

"எழுதணும். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது."

என்ன செய்தார் என்று அன்று நான் பார்க்கவில்லை. அவரே உட்கார்ந்து செய்தார். பக்கம் அப்படியேதான் இருந்தது. மேலே வேப்பமரம், நடுவில் 'வாங்க, உங்கள் இடம் இங்கே காத்திருக்கிறது' என்ற வரி, அடியில் தவுபிக் சாரின் போன் நம்பர். அதற்குக் கீழே வெற்றிடம்.

சில நாளில் பவித்ரா கார்டன் முதலிடத்துக்கு வந்தது.

போன் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் வந்தவை சாதாரண அழைப்புகள். ஒருநாள் மத்தியானம் தவுபிக் சார் போனை மேஜையில் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். போனை எடுத்தேன். எதிர்முனையில் பேச்சில்லை. தகரக் கொட்டகையில் வெயில் ஏறினால் ஒரு முறுமுறுப்பு வருமே, அந்தச் சத்தம். அதற்கு அடியில் பெண்கள் பலர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வேலை செய்கிற சத்தம்.

"பவித்ரா கார்டன்" என்றேன்.

"வேன் எங்கன நிக்கும் தாயி?"

வயதான குரல். தொண்டையில் தூசி அடைத்த குரல்.

"ஆமத்தூர் விலக்குல நிக்கும்மா. ஞாயித்துக்கிழமை. உங்க பேரு?"

"அதான் நீங்களே போட்டிருக்கீகளே."

வைத்துவிட்டாள்.

பிறகு தினமும் அப்படி ஒன்றிரண்டு வந்தன. குரல்கள் வேறு. கேள்வி மட்டும் ஒன்று. வேன் எங்கன நிக்கும்? தவுபிக் சாருக்குச் சந்தோஷம். "பார்த்தீங்களா, நம்ம ஊர்க்காரங்களே கூப்பிடுறாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் விலக்கில் வேனை நிறுத்தினோம். புளியமர நிழலில் ஒருவரும் இல்லை. தனுஷ்கோடி அண்ணன் கதவைத் திறந்துவைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். வெயிலில் தார் பளபளத்தது.

வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ படியில் கால் வைத்தால் சாய்கிற மாதிரி. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி. கதவோரம் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் காலை ஒடுக்கி வழிவிட்டேன். கந்தக நெடியும், வாடின கனகாம்பரமும், வியர்வையும் கலந்து ஒரு வாடை என் முகத்தைக் கடந்து உள்ளே போனது. அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வருகிற வாடை.

தனுஷ்கோடி அண்ணன் பீடியைப் பாதியில் அணைத்தார். சமதரையில் வண்டி இரண்டாவது கியரை விட்டு ஏறவே இல்லை. "லோடு ஏத்தின மாதிரி இழுக்குது" என்று முனகினார். பின்னால் இருக்கைகள் பாதி காலி.

சைட்டில் பொட்டலம் பிரித்தவர்கள் பிரியாணியில் உப்பே இல்லை என்றார்கள். பிரியாணிக்கார பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டுப் பொட்டலத்தை மடித்தார்.

"இது செத்தவுக வந்து சாப்பிட்ட சோறு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அப்பா விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"உங்க ஆத்தா வீட்டுல இல்ல தாயி."

"என்ன பேசுறீக?"

"கொஞ்ச நாளாவே இல்ல. நீயே கேட்டுப் பாரு."

கேட்டேன். அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. முற்றத்தில் இல்லை. மூலையில் மண் கலயம் இருந்தது. அவ்வளவுதான், மண்.

"வீட்டுல இருக்கவள யாரோ கூப்பிட்டிருக்காக" என்றார் அப்பா. "கூப்பிட்டா போகாம இருப்பாளா? வேன் வந்துச்சுன்னா கஞ்சியக்கூடக் குடிக்காம ஓடுறவ."

மறுநாள் ஆபீஸில் நான்தான் முதலில் நுழைந்தேன். பவித்ரா கார்டன் பக்கத்தைத் திறந்தேன். போன் நம்பருக்குக் கீழே அந்த வெற்றிடம். அது ஏன் அவ்வளவு நீளம் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. மவுஸை அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. இழுக்க இழுக்க நீலப் பட்டையில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

நாரணாபுரம் வெடி விபத்து. பலி. மாடத்தி. பெத்தணன். கருப்பம்மாள். பாண்டிராஜ்.

இருளம்மாள், ஆமத்தூர்.

மறுபடி அதே பெயர்கள். மறுபடி. மறுபடி. அந்தப் பெயர்களுக்குத் தலைக்கு மேல், 'வாங்க, உங்கள் இடம் இங்கே காத்திருக்கிறது.'

தவுபிக் சார் வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செய்தியில இருந்து அப்படியே எடுத்துப் போட்டேன் வேலு. யார் கண்ணுக்கும் தெரியாது. எல்லா ஊர்லயும் பண்றதுதான்."

"இருளம்மாள் எங்கம்மா."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே குடோனில் யாரோ மூட்டையைப் போட்டார்கள், தரை அதிர்ந்தது.

"ஏன் சொல்லல?" என்றார் மெதுவாக.

"இப்பச் சொல்றேன். எடுத்துருங்க. எங்கம்மா வீட்டுல இல்ல சார். நீங்க கூப்பிட்டீங்க, போயிட்டா."

அவர் சிரிக்கவில்லை, விவாதிக்கவில்லை. என் கண் முன்னாலேயே எல்லாப் பெயரையும் அழித்தார். பிறகு இருளம்மாள் என்று தட்டித் தேடிப் பார்த்தார், போய்விட்டதா என்று.

போகவில்லை. வேறொரு நகர் வந்தது. சாத்தூர்ப் பக்கம் யாரோ போட்ட மனை. அடுத்தது திருத்தங்கல். அடுத்தது எந்த ஊர் என்றே தெரியவில்லை. பவித்ரா கார்டன் முதலிடத்துக்கு வந்ததைப் பார்த்து மற்ற ஏஜெண்டுகள் பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தங்கள் நகரின் பெயரை மேலே ஒட்டியிருந்தார்கள். வெற்றிடத்தையும் சேர்த்து. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எதையோ விட்டுவிட்டால் பலிக்காது என்று ஒன்றுவிடாமல் எடுத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றிலும் மவுஸை இழுத்தேன். ஒவ்வொன்றிலும் அம்மா இருந்தாள்.

உயிரோடு இருந்தபோது அவளைக் கம்பெனி வேன் ஒன்றுதான் கூப்பிட்டது. இப்போது மாவட்டமே கூப்பிடுகிறது.

"திரும்பக் கூட்டிட்டு வரணும்" என்றார் அப்பா, நான் போய்ச் சொன்னபோது. "நம்ம கூப்பிட்டா நம்மகூட வருவா. எத்தனை பேர் கூப்பிட்டாலும் பெத்தவ காதுக்கு வீட்டுக் குரல் தெரியும்."

தவுபிக் சார் தானே வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். அவர்கள் வழியில் இதெல்லாம் கிடையாது. "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல வேலு. ஆனா நான் செஞ்சதுல எனக்கு வெக்கம் இருக்கு" என்றார். சம்சு பாயின் ஆம்னியில், பருப்புத் தூசிக்கு நடுவில், அப்பா புதுக் கலயத்தை மடியில் வைத்து உட்கார்ந்தார். வழியில் விதிகளைச் சொன்னேன். பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

வார நாள். சைட்டில் ஒரு ஆள் இல்லை. வெயில் சாய்ந்து, வெள்ளைக் கற்களின் நிழல் நீண்டு கிடந்தது. வளைவைத் தாண்டியதும் காற்று நின்றது. சைட்டைச் சுற்றி நட்டிருந்த விளம்பரக் கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன.

அப்பா மரத்தின் கரிப்பக்கம் போய் நின்றார்.

"ஏ இருளம்மா! வா, வீட்டுக்குப் போவோம்!"

ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது.

"ஏ இருளம்மா! வா, வீட்டுக்குப் போவோம்!"

தழைத்த பக்கம் ஒரு இலைகூட அசையவில்லை. கரிந்த கொப்பு ஆடியது.

அந்த வாடை வந்தது. ஒரு பக்கமிருந்து அல்ல. எல்லாப் பக்கமிருந்தும். சரளையில் வெறுங்கால்கள் உரசும் சத்தம், வேலை விட்டு ஆட்கள் கூட்டமாக நடந்து வருகிற மாதிரி.

அப்பா மூன்றாவது முறைக்கு மூச்சை இழுத்தார். "ஏ இரு..."

போன் அடித்தது.

தவுபிக் சாருடைய போன். இந்த வேலையில் அவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், இரண்டாவது மணிக்குள் எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார் என்பது. அவர் யோசிக்கவில்லை. அவர் கை தானாகப் போனது.

"சொல்லுங்க, பவித்ரா கார்டன்."

அப்பாவின் குரல் பாதியில் நின்றுபோனது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கலயத்தில் போட்டு, துணியால் மூடி, வண்டியை நோக்கி நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

எனக்குப் பின்னால் தவுபிக் சாரின் குரல்.

"எங்க நிக்கிறீங்க?"

பிறகு, "எனக்குப் பின்னாலயா?"

நான் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் குதிகாலை மட்டும் பார்த்து நடந்தேன்.

அப்பா வண்டிக் கதவைத் திறந்தார்.

பிறகு தவுபிக் சார் பேசினார். வாடிக்கையாளரிடம் பேசுகிற, எனக்குப் பழகிய, சிரித்த குரல்.

"வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க."

அவர் வந்து வண்டியை எடுத்தபோது முகத்தில் வியர்வை இல்லை. சமதரையில் வண்டி இரண்டாவது கியரிலேயே போனது. நான் கேட்கவும் முடியாது. வீடு வரைக்கும் பேசக் கூடாது.

அன்றே எங்கள் வீட்டில் சத்தம் திரும்பிவிட்டது. அடுப்படியில் ஏனம் நகர்ந்தது. அப்பா சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டா தாயி, வந்துட்டா" என்றார். நானும் அழுதேன்.

மறுநாள் தவுபிக் சாரிடம் கேட்டேன். "நேத்து யார் சார் பின்னால?"

"மனை பார்க்க வந்தவங்கதான்" என்றார் திரையைப் பார்த்தபடி. "பாவம் வேலு. கொஞ்சம் பேருக்குக் கூப்பிட வீட்டுல ஆளே இல்லையாம். குடும்பத்தோட அங்கதான் வேலை பார்த்திருக்காங்க."

அதன் பிறகு அவர் என்னிடம் விளையாட்டாகப் பேசவே இல்லை. போன் அடிக்காதபோதும் காதில் வைத்துக்கொண்டிருப்பார்.

தனுஷ்கோடி அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேனைத் தவுபிக் சாரே எடுத்துப் போனார், என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு. ஆமத்தூர் விலக்கு டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னார். வெறும் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாராம். "உள்ள தள்ளி உக்காருங்கம்மா. இன்னும் ஆள் ஏறணும்ல" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். போனில் பேசுகிறார் என்று டீக்கடைக்காரர் நினைத்திருக்கிறார்.

சைட் வளைவுக்குப் பக்கத்தில் தவுபிக் சாரோடு வேன் எரிந்தது. நாரணாபுரம் வரை வெடிச் சத்தம் கேட்டதாம். பட்டாசு கடத்தியிருப்பான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது, பத்திரிகையும் எழுதியது. வண்டியில் ஒரு சிட்டிகை மருந்துகூடக் கிடைக்கவில்லை.

"எம் மகன் மருந்தத் தொட்டதே இல்லம்மா" என்றார் சம்சு பாய் என்னிடம். "கம்ப்யூட்டர்தான் தொட்டான். கம்ப்யூட்டரு வெடிக்குமா?"

தவுபிக் சாரை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது நான் குடோனுக்கு எதிர்வரிசையில் நின்றேன். ஆபீஸில் வேலை பார்த்த பிள்ளை என்பதற்குமேல் எனக்கு அங்கே பெயரில்லை. அவர்கள் வழியில் செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. கூப்பிடுவது உண்டென்றாலும், கூப்பிட எனக்கு உறவில்லை.

சீனிச்சாமி நகரின் பெயரை மாற்றினார். வேப்பமரத்தை வெட்டினார். புதுப் பெயரைத் தட்டினால் ஒரு விபத்தும் வராது. மனையெல்லாம் விற்றுப்போயிற்று.

நான் சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருஷம் ஒருநாள், கரண்ட் கனெக்ஷன் பேர் மாற்றப் பத்திர நகல் எடுக்க ஒரு பெண் வந்தாள். பத்திரத்தைப் பார்த்தேன். அதே சர்வே நம்பர்.

"குடிபோயிட்டீங்களா?" என்றேன்.

"பால் காய்ச்சி மூணு மாசமாச்சு. காத்து, தண்ணியெல்லாம் நல்லாருக்குக்கா. ஞாயித்துக்கிழமைதான் ஒரே கூட்டம். மனையெல்லாம் வித்துப்போச்சு, இன்னும் ஒரு தம்பி ஆளுகளக் கூட்டிவந்து காட்டிக்கிட்டே இருக்காரு. எல்லாம் கூலிக்குப் போற பொம்பளையாளுக மாதிரி இருக்காக. நல்ல தம்பி, சிரிச்ச முகம். எங்கன வேன நிறுத்துறாருன்னுதான் தெரியல."

மெஷினில் தாள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு அம்மா மட்டும் உள்ளயே வராதுக்கா. வாசல் வளைவுக்கிட்டயே வெயில்ல நிக்கும். தண்ணி கொடுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுருச்சு. வீட்டுலருந்து கூப்பிட்டாக, ரெண்டு தடவதான் கூப்பிட்டாக, இன்னொரு தடவ கூப்பிட வருவாகன்னு நிக்கேன்னு சொல்லுது. என்ன கிறுக்கோ, பாவம். மகள நெனச்சு நெனச்சு அழுகுது."

மிச்சச் சில்லறையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நான் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மசங்கல். தெருவில் கயிற்றுக் கட்டிலில் அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக அவர் முகத்தில் அந்த நிம்மதி இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடுப்படியில், தினமும் போல, ஏனம் நகர்கிற சத்தம்.

நான் கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை, அம்மா அங்கே வளைவுக்கிட்ட நிற்கிறாள். அப்பாவை எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று கட்டில் பக்கம் ஒரு அடி வைத்தேன்.

அடுப்படியில் சத்தம் நின்றது.

வெறுங்கால்கள் நடையைக் கடந்து வந்தன. எனக்காக, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது.